போய் வருகிறேன், கண்ணே!

முதன்முதலாகக் காப்பகம் செல்லும் பேரக்குழந்தைக்குத் தாத்தா பாட்டியர் எவ்வாறு துணை நிற்கலாம்?

சீர்காழிப் பிரம்ம தீர்த்தக் கரையில் நின்று அழுத குழந்தையை நாம் எல்லோரும் அறிவோம். சிவபாத இருதயர் நீராடப் புறப்பட்டபோது, மூன்று வயதே நிரம்பிய பிள்ளையாரும் அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். தந்தையார் அவரைக் கரையில் இருத்திவிட்டுக் குளத்தில் இறங்கினார். நீரில் மூழ்கித் தந்தை கண்ணுக்கு மறைந்ததும் குழந்தை அழத் தொடங்கியது. தோணியப்பரின் அருளால் அம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலை ஊட்டினாள். தேவாரத்தின் முதல் பதிகம் பிறந்தது. ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் சீர்காழியில் திருமுலைப்பால் உற்சவமாக நாம் கண்டு மகிழ்வது இந்த நிகழ்ச்சியைத்தான்.

அந்த அழுகையின் உட்பொருள், இறைவனைப் பற்றிய முன்னை உணர்வு மூண்டெழுந்ததே என்பது சேக்கிழார் பெருமானின் விளக்கம். தந்தையைக் காணாதது அதற்கு வெளியில் அமைந்த ஒரு காரணம் மட்டுமே. ஆயினும், அந்த வெளிக்காரணம் எவ்வளவு இயல்பானது பாருங்கள்! பெற்றவர் கண்ணுக்கு மறைந்தால் குழந்தை அழும். உலகில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான அழுகை அது.

இன்று அதே அழுகை, காலை ஒன்பது மணிக்கு, நம் ஊர்களிலுள்ள குழந்தைகள் காப்பகங்களின் வாசலில் கேட்கிறது. தாய் அலுவலகம் செல்ல வேண்டும். தந்தையும் செல்ல வேண்டும். ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தையை ஆயம்மாவின் கையில் கொடுக்கும்போது அது தாயின் தோளை விடாமல் பற்றிக்கொண்டு கதறுகிறது. அதைக் காணும் தாத்தா பாட்டியரின் நெஞ்சு துடிக்கிறது. 'நமக்கு மட்டும் முழங்கால் வலி இல்லாமல் இருந்தால் இந்தக் குழந்தையை இப்படி விடுவோமா?' என்று ஒரு பாட்டி கலங்குகிறார். 'அந்தக் காலத்தில் நாங்கள் இப்படியா வளர்த்தோம்?' என்று ஒரு தாத்தா வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்வியால் வீட்டில் நாலு நாள் பேச்சு நின்றுபோவதும் உண்டு.

இந்த மாற்றத்தைக் குழந்தை நல்லபடியாகக் கடப்பதில் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அது எவ்வாறு என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம்.

அழுகை சொல்லும் செய்தி

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தையை யார் தூக்கினாலும் பெரும்பாலும் சிரிக்கும். ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து வேற்று முகம் கண்டால் சிணுங்கும். தாய் நகர்ந்தால் அழும். பத்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை இது உச்சத்தில் இருந்து, பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்று வயதுக்குள் மெல்லத் தணிகிறது. ஆகவே ஒரு வயதிலும் ஒன்றரை வயதிலும் காப்பகத்தில் சேர்க்கப்படும் குழந்தை, பிரிவுத்துயர் மிகுந்திருக்கும் பருவத்தில்தான் அந்த வாசலை மிதிக்கிறது. அது அடமும் அன்று. செல்லம் கொடுத்ததன் விளைவும் அன்று.

இங்கிலாந்து நாட்டு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாய்க்கும் சேய்க்கும் உள்ள பற்றினைப் பற்றித் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் என்னும் அம்மையார் 1950-களில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று, தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்களது வீடுகளிலேயே இருந்து கவனித்தார். பின்னர் அமெரிக்காவிலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். தாய் பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைக் காட்டிலும், தாய் திரும்பி வந்ததும் அவளிடம் ஓடி வந்து எவ்வாறு ஆறுதல் அடைகிறது என்பதே முக்கியமானது என்று அவர் கண்டார். அழுகிற குழந்தை அன்பை உணர்ந்த குழந்தை. திரும்பி வந்த மடியில் அது அமைதி பெறுமானால் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி 1952-இல் ஒரு படம் எடுத்தார். அக்காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகள், பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தன. அழாமல் இருக்கும் குழந்தை நலமாக இருப்பதாகச் செவிலியர் எண்ணினர். ஆனால் அமைதியாகத் தோன்றிய அந்தக் குழந்தை உள்ளுக்குள் எவ்வளவு துயரத்தை அடக்கிக்கொண்டிருந்தது என்பதைப் படம் காட்டியது. நாளடைவில் பெற்றோர் குழந்தையுடன் இருக்க அனுமதிக்கும் வழக்கம் பரவுவதற்கு அப்படமும் ஒரு காரணமாயிற்று. நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. 'எங்கள் குழந்தை அழவே இல்லை. சமர்த்தாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது' என்று கேள்விப்பட்டால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது விளையாடியதா, உண்டதா, யாரிடமாவது போய் ஒட்டிக்கொண்டதா என்றும் கேட்டறிய வேண்டும்.

வளர்த்த கைகள் பல

குழந்தையைப் பிறர் கையில் கொடுப்பது நம் மரபுக்குப் புறம்பானது என்று வருந்துவோர், நம் தெய்வங்களின் பிள்ளைப் பருவத்தை நினைத்துப் பார்க்கலாம். தேவகி பெற்ற கண்ணனை வளர்த்தவள் யசோதை. சரவணப் பொய்கையில் தோன்றிய முருகனுக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அந்த நன்றியை மறவாமல்தான் கந்தப் பெருமான் கார்த்திகேயன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறான்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் தாயுமானவர் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பேறுகாலத்தில் இருந்த மகளிடம் வந்து சேர முடியாதபடி காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில் தவிக்கிறாள். அந்தத் தாயின் உருவில் இறைவனே வந்து மகளுக்குப் பணிவிடை செய்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்த பிறகே அவர் மறைந்தார். தாய் வரமுடியாத நேரத்தில் தாயாக இருந்து, தாய் வந்ததும் விலகி நிற்பது தெய்வச் செயல். நல்ல காப்பகத்தில் நம் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துச் சோறூட்டும் பெண்மணி செய்வதும் அத்தகைய பணியே. அவரை 'வேலைக்காரி' என்று குழந்தையின் காதுபடச் சொல்லாமல், 'பெரியம்மா' என்றோ 'அத்தை' என்றோ உறவு சொல்லி அழைக்கப் பழக்குங்கள். நாம் மதிக்கும் ஒருவரிடம் குழந்தை எளிதில் சேரும்.

நம் தலைமுறையிலும் தாய் ஒருத்தி மட்டுமே குழந்தையை வளர்த்ததில்லை. சித்தியும் அத்தையும் ஒன்றுவிட்ட பாட்டியும் இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டுக் குடும்பம் சுருங்கியபோது அரசும் சட்டமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்ப முன்வந்தன. 1975 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி நாளன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகள் தோன்றின. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் அது விதித்தது. உங்கள் மகளோ மருமகளோ பணிபுரியும் இடத்தில் இந்த வசதி உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

முன்னேற்பாடு

காப்பகத்தில் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வீட்டில் ஆயத்தம் தொடங்க வேண்டும். அங்கே எத்தனை மணிக்கு உணவு, எத்தனை மணிக்கு உறக்கம் என்று கேட்டு, வீட்டிலும் அந்த நேரத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். குழந்தையை அழைத்துக்கொண்டு ஓரிரு முறை அங்கே போய்வாருங்கள். கோயிலுக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைக் காட்டி, 'இங்கேதான் நீ விளையாடப் போகிறாய்' என்று சொல்லுங்கள். கண்ணுக்குப் பழகிய இடம் பாதி அச்சத்தைப் போக்கும்.

கண்ணாமூச்சி விளையாடுங்கள். முந்தானையால் முகத்தை மூடி, 'பாட்டியைக் காணோம்' என்று சொல்லி, பிறகு 'இதோ இருக்கிறேன்' என்று திறக்கும் அந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. மறைந்தவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையைக் குழந்தையின் மனத்தில் ஊன்றும் முதற்பாடம் அது. பிறகு தாய் பத்து நிமிடம் கடைக்குப் போய் வரட்டும்; அடுத்த நாள் அரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்கென்று ஒரு மொழி உண்டு. சோற்றுக்கு 'மம்மு', சிறுநீருக்கு 'மூச்சா', உறக்கத்திற்குத் 'தாச்சி' என்று அது பேசும். இந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காப்பகத்தில் கொடுங்கள். பருப்புச் சாதம் பிடிக்குமா, தயிர்ச் சாதம் பிடிக்குமா, தட்டிக் கொடுத்தால் தூங்குமா, தலை கோதினால் தூங்குமா, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பனவற்றையும் எழுதுங்கள். தாகமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமலும், சொன்னது புரிந்துகொள்ளப்படாமலும் தவிப்பதுதான் புதிய இடத்தில் குழந்தை படும் பெருந்துன்பம். இந்தக் குறிப்பை எழுதுவதற்குப் பாட்டியைவிடத் தகுந்தவர் யார்?

தாயின் பழம்புடவையில் ஒரு சிறு துண்டைக் குழந்தையுடன் அனுப்பலாம். தூளி கட்டுவதற்குப் பழம்புடவையைத் தேர்ந்தெடுத்த நம் முன்னோர், அதன் மென்மையோடு தாயின் மணத்தையும் அறிந்தே செய்தார்கள் போலும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது; அது முகத்தில் விழுந்து மூச்சை அடைக்கக்கூடும். வளர்ந்த குழந்தைக்கும் கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியாத அளவில் கைக்குட்டை போன்று சிறிதாகவே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

முதல் நாளே முழு நாளும் விட்டுவிடாமல் இருப்பது உத்தமம். முதல் நாள் வீட்டார் ஒருவர் உடனிருக்க ஒரு மணி நேரம் போதும். அடுத்த நாள் அவர் அறையின் ஓரத்தில் அமர்ந்திருக்கட்டும். பிறகு அரை மணி நேரம் வெளியே சென்று திரும்பட்டும். உணவு வேளை வரை, உறக்க வேளை வரை என்று ஒரு வாரம் அல்லது இரண்டு வாரங்களில் நேரத்தைக் கூட்டலாம். பெற்றோருக்கு இத்தனை நாள் விடுப்புக் கிடைக்காது. இங்கேதான் ஓய்வு பெற்ற தாத்தாவின் பொழுது பொன்னாகிறது. குழந்தையை நாள் முழுவதும் தூக்கிக்கொண்டு ஓட உடல் இடம் கொடுக்காமல் இருக்கலாம். ஒரு நாற்காலியில் அமர்ந்து, குழந்தை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் 'இருக்கிறேன்' என்று தலையசைப்பதற்கு முழங்கால் வலி தடையாகாது.

விடைபெறும் முறை

குழந்தை பொம்மையில் மனம் வைத்திருக்கும்போது ஓசைப்படாமல் நழுவிவிடுவது பலரும் செய்யும் காரியம். அழுகையைக் காணாமல் தப்பிக்க அது உதவும், குழந்தைக்கு உதவாது. திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால், 'எந்த நொடியிலும் அம்மா மறைந்துவிடுவாள்' என்று அது கற்றுக்கொள்ளும். அதன்பின் வீட்டிலும் அவளை அடுக்களைக்குப் போக விடாது. 'சாக்லேட் வாங்கி வருகிறேன்' என்று பொய் சொல்லிச் செல்வதும் அத்தகையதே.

நம் தமிழ் வழக்கில் வீட்டை விட்டுக் கிளம்பும் எவரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம். பிரிவைச் சொல்லும் சொல்லிலேயே திரும்பி வருவேன் என்ற வாக்குறுதியையும் வைத்திருக்கிறது நம் மொழி. குழந்தைக்கும் அதையே சொல்லுங்கள். ஒரு முத்தம், நெற்றியில் திருநீறோ குங்குமமோ ஒரு தொடுகை, 'போய் வருகிறேன், கண்ணே' என்ற ஒரே வாக்கியம். நாள்தோறும் அதே முறை, அதே சொல். பிறகு தயங்காமல் கிளம்ப வேண்டும். வாசல் வரை சென்று அழுகுரல் கேட்டுத் திரும்பி ஓடிவந்தால், இன்னும் உரக்க அழுதால் அம்மா வருவாள் என்றே குழந்தை எண்ணும். பல குழந்தைகள் பெற்றோர் கிளம்பிய சில நிமிடங்களில் அழுகையை நிறுத்தி விளையாடத் தொடங்கிவிடுகின்றன. மனம் கேட்காவிட்டால், அரை மணி கழித்துத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வருவீர்கள் என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நான்கு மணி என்றால் அதற்குத் தெரியாது. 'மம்மு சாப்பிட்டு, தாச்சி தூங்கி எழுந்து, பால் குடித்ததும் தாத்தா வருவேன்' என்றால் தெரியும். அப்படிச் சொன்னால், அந்த வேளைக்கு அங்கே இருக்க வேண்டும். மற்ற குழந்தைகள் எல்லோரும் போன பிறகு தான் மட்டும் வாசலைப் பார்த்துக் காத்திருப்பது சின்ன மனத்திற்குப் பெரிய பாரம்.

மாலையில் வரும் மழை

நாள் முழுவதும் நன்றாக இருந்த குழந்தை, தாத்தாவைக் கண்டதும் 'ஓ'வென்று அழும். வீட்டுக்கு வந்ததும் சிறிய காரணத்திற்கெல்லாம் தரையில் புரளும். 'அங்கே என்ன கொடுமை நடந்ததோ' என்று பதறுகிறோம். பெரும்பாலும் அப்படி எதுவும் இராது. அன்று முழுவதும் அடக்கி வைத்த களைப்பையும் ஏக்கத்தையும் தன்னவர் மடி என்று தெரிந்த இடத்தில் அது இறக்கி வைக்கிறது. சில குழந்தைகள் மீண்டும் விரல் சப்பும், படுக்கையை நனைக்கும், இரவில் விழித்து அம்மாவைத் தேடும். சில வாரங்களில் இவை தாமாகவே குறையும். அதட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும், காய்ச்சலில் நாலு நாள் வீட்டில் இருந்த பிறகும், திங்கட்கிழமை மீண்டும் முதல் நாள் போலவே அழுவதும் இயல்பே.

'அங்கே என்ன செய்தாய்? யார் அடித்தார்கள்?' என்று விசாரணை வேண்டாம். முதலில் மடி, பிறகு சிறிது தண்ணீர், சிறிது தின்பண்டம், பிறகு விளக்கேற்றும் நேரம். அகல் விளக்கை ஏற்றும்போது அருகில் அமர்த்திக் கைகூப்பச் செய்து, கண்ணன் வெண்ணெய் உண்ட கதையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாலையும் தவறாமல் வரும் அந்த விளக்கும் கதையும், 'எல்லாம் மாறினாலும் இது மாறாது' என்று குழந்தைக்கு உறுதி அளிக்கும். அந்த உறுதியின் பலத்தில்தான் அது மறுநாள் வாசற்படி தாண்டுகிறது.

தவிர்க்க வேண்டிய சொற்கள்

'விஷமம் செய்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன்', 'டீச்சர் அடிப்பார்', 'பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்' என்பன வீட்டில் ஒலிக்கவே கூடாது. நம்பிக்கை வைக்க வேண்டிய இடத்தையே தண்டனையாகக் காட்டினால் குழந்தை எங்கே போகும்? 'ஐயோ பாவம்' என்று குழந்தையின் முன் கண்ணீர் விடுவதையும் தவிர்க்க வேண்டும். பெரியவரின் முகத்தைப் பார்த்தே, அஞ்ச வேண்டுமா வேண்டாமா என்று குழந்தை முடிவு செய்கிறது. 'பக்கத்து வீட்டுக் குழந்தை அழாமல் போகிறதே' என்ற ஒப்பீடும் வேண்டாம். எழுத்தறிவிப்பதற்கு விஜயதசமி இருக்கிறது. பூந்தோட்டம் அருகே கூத்தனூர் சரஸ்வதி சந்நிதி இருக்கிறது. இரண்டு வயதில் ஏபிசிடி சொல்லவில்லையே என்று காப்பகத்தாரை நெருக்க வேண்டியதில்லை. இந்த வயதில் அது கற்க வேண்டியது பகிர்ந்து விளையாடவும், தன் கையால் உண்ணவும், பிறரை நம்பவும்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. குழந்தையைப் பெற்றவளைக் குறை கூறாதீர்கள். கதறும் குழந்தையைக் கையிலிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள் அவள். மாலையில் வீடு திரும்பும்போது 'குழந்தை ஏங்கிப் போய்விட்டது' என்ற சொல்லுக்குப் பதிலாக, 'இன்று நன்றாகச் சாப்பிட்டதாம் அம்மா' என்ற சொல் அவளை வரவேற்கட்டும். தாயின் மனம் தெளிந்தால் சேயின் மனமும் தெளியும்.

கண் திறந்திருக்கட்டும்

பொறுமை வேண்டும் என்பதற்காக விழிப்பை விட்டுவிடலாகாது. காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிப்பறை தூய்மையாக உள்ளதா, வாசற்கதவு குழந்தையால் திறக்க முடியாதபடி உள்ளதா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் பார்த்துக்கொள்கிறார், வீட்டார் எந்த நேரத்திலும் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் குழந்தையை அனுப்பக் கூடாது என்று உறுதி பெறுங்கள். பல குழந்தைகள் கூடும் இடமாதலால் முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருக்க வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதத்திற்கு மேலாகியும் நாள் முழுதும் அழுகை ஓயவில்லை, உணவு செல்லவில்லை, எடை குறைகிறது, பேசிய குழந்தை பேச்சைக் குறைத்துவிட்டது என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் நடுங்கினாலோ, உடலில் காரணம் தெரியாத காயமோ கன்றிய தடமோ இருந்தாலோ, அன்றே நேரில் சென்று விசாரியுங்கள். குழந்தையை அங்கே மீண்டும் விடுவதை நிறுத்திவையுங்கள். 'ஆயம்மா மேல் பழி போடலாமா' என்ற தயக்கம் வேண்டாம். பேசத் தெரியாத குழந்தைக்கு நாமே வாய்.

குளிப்பாட்டும்போது உடலைக் கவனிப்பவர் பாட்டி. மாலையில் முகத்தைப் பார்த்தே நாளைப் படித்துவிடுபவர் தாத்தா. வேலைப் பரபரப்பில் பெற்றோர் காணத் தவறுவதைக் காணும் கண்கள் உங்களுடையவை. குழந்தையை நாள் முழுதும் தூக்கி வளர்க்க இயலவில்லையே என்ற குறை இனி வேண்டாம். காலையில் திருநீறு இட்டு வழியனுப்பும் ஒரு கையும், மாலையில் சொன்ன வேளைக்கு வாசலில் தெரியும் ஒரு முகமும் போதும். 'போனவர்கள் வருவார்கள்' என்ற நம்பிக்கை அந்தச் சின்ன நெஞ்சில் ஒருமுறை வேரூன்றிவிட்டால், பள்ளிக்கும் கல்லூரிக்கும் அயலூருக்கும் போகும் காலத்திலும் அது உடன் வரும்.